நிற்கத் தெரிந்த இயந்திரம்

1

"நான் ஏதாச்சும் தப்பா பாடிட்டனா தம்பி?" என்று தாத்தா கேட்டார்.

அவர் எதையும் தப்பாகப் பாடவில்லை. அர்ச்சுனன் தபசில் வரும் பாட்டுகளைப் பதினோரு நிமிடமாக விடாமல் பாடிக்கொண்டிருந்தார். திரையில் அலைக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று மென்பொருள் மூடிக்கொண்டது. பிழைச்செய்திகூட வரவில்லை, டெஸ்க்டாப் படம் மட்டும் பல்லிளித்தது. அன்றைக்கு மாலையில் அது மூன்றாவது முறை.

அவர் என்னோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்க்கும் நண்பனின் தாத்தா. கிருஷ்ணகிரிப் பக்கம் தெருக்கூத்து வாத்தியாராக இருந்தவர். எண்பதை நெருங்கும் வயது. ஓசூரில் என்னிடம் ஒரு மைக்கும், ஒரு சவுண்ட் கார்டும், சுவரில் முட்டை அட்டை ஒட்டிய ஒரு சின்ன ரூமும் இருக்கிறது என்பதற்காக நண்பன் அவரை பஸ்ஸில் கூட்டி வந்திருந்தான். "கம்ப்யூட்டர்தான் தாத்தா, நீங்க சரியாத்தான் பாடினீங்க" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு பொருள் நின்றுபோனால் அதைக் கடைசியாகத் தொட்டவன் மேல்தான் தப்பு என்று பழகிய தலைமுறை. நாலாவது முறை பாட அவருக்கு மூச்சு இல்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த மூன்று வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரே வேலைதான்: இது ஏன் நிற்கிறது? முதலில் இதை எப்படிச் சரிசெய்வது என்றுதான் தேடினேன். போகப் போகக் கேள்வி மாறியது. ஒரு இயந்திரம் பாதியில் நின்றுபோக வேண்டும் என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்? அப்படி ஒரு முடிவு உண்மையில் எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு நூறு வருட வரலாறும் இருக்கிறது. அதன் தொடக்கம் கணினியில் இல்லை, தறியில் இருக்கிறது.

2

ஓசூரில் ஃபேக்டரி வேலை பார்க்கும் எல்லாருக்கும் நாலைந்து ஜப்பானிய வார்த்தைகள் தெரியும். கைசன், போக்கா-யோக்கே, ஜிடோகா. ஐடிஐ முடித்துவிட்டு வரும் பையன் முதல் மாதத்திலேயே இவற்றைச் சொல்லப் பழகிவிடுகிறான். 1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. 1980களின் தொடக்கத்தில் சுசூகியோடு கூட்டு ஏற்பட்டு, 1984இல் இண்ட்-சுசூகி பைக் வந்தது. அந்தக் கூட்டு 2001இல் முடிந்தது. ஆனால் அந்தப் பயிற்சி இங்கேயே தங்கிவிட்டது. 2002இல் டிவிஎஸ் மோட்டார், தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்ன யூனிட்டுகளுக்கும் இந்த வழக்கங்கள் வந்து சேர்ந்தன. அப்படியொரு யூனிட்டில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஒரு ரிஜெக்‌ஷன் வந்தால் 'வொய்-வொய்' ஷீட் நிரப்ப வேண்டும். ஏன் என்று கேட்டு, கிடைத்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, ஐந்து முறை இறங்க வேண்டும்.

இந்த ஐந்து ஏன்களைப் பிரபலமாக்கியது டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ. 1978இல் வெளியான தன் புத்தகத்தில் அவர் ஒரு உதாரணம் தருகிறார். இயந்திரம் நின்றது, ஏன்? பாரம் கூடி ஃபியூஸ் போனது. பாரம் ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. அது ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. முதல் ஏன்னோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அடுத்த மாதம் அதே ஃபியூஸ் மறுபடி போயிருக்கும்.

ஆனால் ஏன் என்று கேட்பதற்கு முன்னால் இயந்திரம் நிற்க வேண்டுமே. அதைச் செய்தவர் டொயோட்டா குடும்பத்தின் மூத்தவரான சாகிச்சி டொயோடா. அவர் தறிக்காரர். சாதாரண விசைத்தறியில் பாவு நூல் ஒன்று அறுந்தாலும் தறி ஓடிக்கொண்டே இருக்கும், முழம் முழமாகக் கெட்ட துணியை நெய்து தள்ளும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் பக்கத்திலேயே நின்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 1924இல் அவர் முடித்த 'ஜி டைப்' தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்தத் தறியின் காப்புரிமையை 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது. கார் செய்யும் முயற்சிக்கு அந்தப் பணம் உதவியது என்பது டொயோட்டா தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை.

ஜிடோகா என்றால் இதுதான்: தப்பு நடந்ததும் நின்றுவிடுவது. எங்கள் லைனில்கூட இதற்காக ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. அது எரிந்தால் யாரும் யாரையும் திட்டக் கூடாது என்பது விதி. அந்த விளக்கை எட்டு மணி நேரம் மதித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரெக்கார்டிங் மென்பொருள் நின்றால் மட்டும் நான் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தேன்.

3

இசைக்கருவிகள் ஒன்றோடு ஒன்று பேசுவதற்கான மிடி என்ற பொதுமொழி 1983இல் வந்தது. 1985இல் வெளியான அடாரி எஸ்டி என்ற கணினியில் மிடி செருகிகள் உடம்பிலேயே இருந்ததால் இசைக்காரர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1989இல் கியூபேஸ் மென்பொருளை முதலில் அந்த அடாரிக்குத்தான் வெளியிட்டது.

அடாரி ஒரு விஷயத்தில் மிகவும் வெளிப்படையானது. நிரல் உடைந்தால் திரையில் வரிசையாக வெடிகுண்டுப் படங்கள் தோன்றும். எத்தனை குண்டு என்பதை வைத்து என்ன கோளாறு என்று படிக்கலாம். இரண்டு குண்டு என்றால் இல்லாத நினைவக முகவரியைத் தொட்டிருக்கிறது. மூன்று என்றால் தப்பான இடத்திலிருந்து படிக்கப் பார்த்திருக்கிறது. சமயத்தில் குண்டு வராமலும் போகும், அதுதான் உண்மையான ஆபத்து. அந்தக் கணினியில் ஒரு நிரலின் நினைவகத்துக்கும் இன்னொன்றின் நினைவகத்துக்கும் நடுவே சுவர் இல்லை. ஒன்று தவறிப்போய் மற்றதன் மேல் எழுதினால் யாருக்கும் தெரியாது. கணினி தொடர்ந்து ஓடும், கெட்ட துணியை நெய்தபடி.

அன்றைய வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. தமிழ்க் காதுகள் கணினி வழி இசையைக் கேட்டுப் பழகிய காலமும் அதுவே. 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியில் இசையை வரிசைப்படுத்தியது அன்று பெரிதாகப் பேசப்பட்டது. 1992இல் 'ரோஜா' வந்தபோது, வீட்டோடு ஒட்டிய ஒரு ஸ்டுடியோவிலிருந்து இப்படி ஒரு ஒலி வர முடியுமா என்று வியந்தார்கள்.

சுவர் கட்டத் தெரியாமல் இல்லை. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்ற பெரும் கணினியிலேயே நினைவகத்தைப் பிரித்துக் காக்கும் வழி இருந்தது. சின்னக் கணினிகளுக்கான இன்டெல் 386 சில்லும் 1985இலேயே அதைக் கொண்டிருந்தது. ஆனால் சுவர் வைத்த இயங்குதளம் சாதாரண வீடுகளுக்குப் பரவலாக வந்தது 2001இல்தான். அந்த ஆண்டு மேக் ஓஎஸ் எக்ஸும் விண்டோஸ் எக்ஸ்பியும் வெளிவந்தன.

சுவர் எப்படி வேலை செய்கிறது? ஓசூரில் ஃபேக்டரி ஆட்கள் தங்கும் லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கூரை, வரிசையாகப் போர்ஷன்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு போர்ஷன். ஒரு நிரல் தனக்குத் தரப்படாத முகவரியைத் தொட்டால் சில்லு அதைக் கண்டுபிடித்து இயங்குதளத்திடம் சொல்கிறது. இயங்குதளம் அந்த நிரலை மட்டும் அங்கேயே மூடிவிடுகிறது. மற்ற வீடுகள் தப்பிக்கின்றன. விண்டோஸ் இதற்கு 'ஆக்சஸ் வயலேஷன்' என்று பெயர் வைத்திருக்கிறது, அத்துமீறல்.

ஈவன்ட் வியூவர் என்று விண்டோஸுக்குள் ஒரு பதிவேடு இருக்கிறது. தாத்தா பாடிய அன்று நடந்த மூன்று மூடல்களும் அதில் மணி நிமிடத்தோடு பதிவாகியிருந்தன. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: அத்துமீறல். அதுவரை நான் கிராஷ் என்று சொல்லிக்கொண்டிருந்தது நூல் அறுந்ததும் நின்ற தறியைத்தான். அறுத்தது எது என்பதுதான் மிச்சம்.

4

இங்கே கதையில் இன்னொரு முடிவு குறுக்கே வருகிறது. 1996இல் ஸ்டெயின்பெர்க் விஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தது. எதிரொலி தரும் பெட்டி, குரலைச் சமன்படுத்தும் பெட்டி என்று ஸ்டுடியோவில் அடுக்கி வைத்திருந்த கருவிகளின் வேலையை இனி மென்பொருளுக்குள் செருகும் சின்ன நிரல்களே செய்யும். அவைதான் பிளக்-இன்கள். இதில் பெரிய விஷயம், இந்த முறையை அவர்கள் தங்களுக்குள் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. வெளியாட்களும் பிளக்-இன் எழுத வழி திறந்தார்கள். 1999இல் வந்த இரண்டாம் பதிப்பில் எதிரொலி மட்டுமில்லை, வாத்தியங்களே பிளக்-இன் ஆயின. உலகமெங்கும் தனி ஆட்கள் இரவு நேரத்தில் உட்கார்ந்து எழுதிய ஆயிரக்கணக்கான பிளக்-இன்கள், பல இலவசமாகவே, வந்து குவிந்தன. முட்டை அட்டை ஒட்டிய என் ரூமை ஸ்டுடியோ என்று சொல்ல முடிவது அதனால்தான்.

ஆனால் இந்த வெளியாட்கள் தங்கியது எங்கே? இசை மென்பொருளின் அதே போர்ஷனுக்குள். அவர்களுக்கென்று தனிப் பூட்டு இல்லை. ஒரே நினைவகம், ஒரே அடுக்களை. ஒரு பிளக்-இன் அத்துமீறினால் இயங்குதளத்தின் கண்ணுக்கு முழு மென்பொருளும் அத்துமீறியதாகத்தான் தெரியும். மொத்தத்தையும் மூடும்.

ஏன் அப்படி வைத்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் மேல் கோபம் வராது. ஒலியை நொடிக்கு 48,000 துண்டுகளாகப் பதிவு செய்கிறோம். கணினி அவற்றை 256 துண்டுகள் கொண்ட கட்டுகளாக எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் 5.3 மில்லிநொடி. அதற்குள் எல்லா பிளக்-இன்களும் வேலையை முடித்துவிட வேண்டும். தவறினால் ஒலி பொரியும். ஒவ்வொரு கட்டையும் ஒரு வீட்டிலிருந்து பூட்டைத் திறந்து இன்னொரு வீட்டுக்குக் கொடுத்து வாங்குவதென்றால் 1996இன் கணினிக்கு அந்த நேரம் போதாது. வேகத்துக்காகச் சுவரை விட்டுக்கொடுத்தார்கள்.

சுவர்கள் மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தன. வினாம்ப் எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் உருவாக்கிய ரீப்பர் மென்பொருளில், சந்தேகமான பிளக்-இன்னைத் தனி வீட்டில் ஓட வைக்கும் வசதி உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவிலும் 'பிரிட்ஜ்' என்று அதே வசதி இருக்கிறது. 2014இல் பெர்லினிலிருந்து வந்த பிட்விக், பிளக்-இன் விழுந்தாலும் பாட்டு விழாது என்பதையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. 2016 கடைசியில் வந்த கியூபேஸ் 9இல், பிளக்-இன்களை உள்ளே விடும் முன் சோதிக்கும் ஒரு காவலாளியை வைத்தார்கள். கதவைத் திறந்துவிட்ட அதே நிறுவனம் வாசலில் ஆள் போட இருபது வருடம் ஆகியிருக்கிறது.

5

இனி என் வொய்-வொய் ஷீட்.

முதல் ஏன்: மென்பொருள் ஏன் மூடியது? அத்துமீறல்.

இரண்டாவது ஏன்: யார் அத்துமீறியது? பதிவேடு ஒரு எதிரொலி பிளக்-இன்னின் பெயரைச் சொன்னது. சந்தோஷமாக அதைத் தூக்கி எறிந்தேன். மறுநாள் இரவு மறுபடி மூடியது. இப்போது வேறொரு பிளக்-இன் பெயர். அதையும் எடுத்தேன். அடுத்த முறை பதிவேடு விண்டோஸின் சொந்தக் கோப்பு ஒன்றையே காட்டியது.

ஒவ்வொரு தடவையும் குற்றவாளி மாறுகிறான் என்பதுதான் துப்பு. ஒரே அடுக்களையில் ஒருவன் வழியில் எண்ணெயைக் கொட்டிவிட்டுப் போகிறான். பத்து நிமிடம் கழித்து வருகிற இன்னொருவன் வழுக்கி விழுகிறான். பதிவேடு விழுந்தவன் பெயரைத்தான் எழுதும். ஒரு பிளக்-இன் பொது நினைவகத்தில் தப்பாக எழுதிவிட்டு, தான் ஒன்றும் ஆகாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தைப் பிறகு நம்பிப் படிப்பது எதுவோ அது விழும். தாத்தா கேட்ட கேள்வி அப்போது ஞாபகம் வந்தது. அவரும் விழுந்த இடத்தில் இருந்தவர், அவ்வளவுதான்.

மூன்றாவது ஏன்: எண்ணெய் கொட்டியவன் யார்? இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் கணினியின் ராமை ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை ஓடவிட்டேன், பழுதில்லை. சவுண்ட் கார்டு டிரைவரைப் புதுப்பித்தேன். துண்டுக் கட்டின் அளவை 128இலிருந்து 512ஆக ஏற்றினேன். அது பொரியும் சத்தத்துக்கான மருந்து, மூடலுக்கு ஒன்றும் செய்யவில்லை. பிறகு பாதிப் பாதியாகப் பிரிக்கும் பழைய வழிக்கு வந்தேன். பன்னிரண்டு பிளக்-இன்களில் ஆறை எடுத்துவிட்டு அதே பாட்டைச் சுழலவிடுவது. மூடினால் தப்பு மிச்சமிருக்கும் ஆறில் இருக்கிறது. மூடாவிட்டால்? உடனே ஒன்றும் சொல்ல முடியாது. எப்போதாவது வரும் கோளாறு ஒரு மணி நேரம் வரவில்லை என்றால் அது போய்விட்டதாக அர்த்தமில்லை. அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். மூடாமல் இரண்டு ராத்திரி ஓடினால்தான் அந்தக் கூட்டத்துக்கு விடுதலை. ஆறு, மூன்று, கடைசியில் ஒன்று. குரலை அழுத்திச் சமன்படுத்தும் ஒரு பிளக்-இன். பதிவேட்டில் ஒரு முறைகூட அதன் பெயர் வந்ததில்லை.

நான்காவது ஏன்: அது ஏன் தப்பாக எழுதுகிறது? அசல் பதிப்பின் மாற்றப் பட்டியலைத் தேடிப் படித்தேன். நினைவகக் கோளாறு ஒன்றைப் பல மாதங்களுக்கு முன்பே சரிசெய்து புதிய பதிப்பு விட்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது அதற்கு முந்தையது.

ஐந்தாவது ஏன்: நான் ஏன் அதைப் புதுப்பிக்கவில்லை? ஷீட்டில் இந்தக் கட்டத்தை நிரப்பக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஏனென்றால் அது கிராக் பதிப்பு. பெங்களூரில் கணினி வாங்கியபோது கூடவே கைக்கு வந்த ஒரு பென் டிரைவில் இருந்தது. அதைப் புதுப்பித்தால் பூட்டிக்கொள்ளும்.

இங்கே நீதி சொல்ல வரவில்லை. ஒரு பிளக்-இன்னின் விலை என் ஒரு மாத வாடகையாக இருந்த நாட்களில் பென் டிரைவ் இல்லாமல் நான் எதையும் கற்றிருக்க மாட்டேன். ஆனால் ஃபேக்டரியில் ஒன்று தெரியும். சப்ளையர் யாரென்று தெரியாத பொருளை நாங்கள் லைனுக்குள் விடுவதில்லை. அது மட்டமான பொருள் என்பதால் இல்லை, பல நேரம் நன்றாகத்தான் இருக்கும். அதில் கோளாறு வந்தால் திருப்பி அனுப்ப முகவரி இல்லை என்பதுதான் காரணம். நான் செய்தவன் கண்டுபிடித்துத் திருத்திய தப்பை, திருத்தம் வந்து சேரும் பாதையை நானே அடைத்துவிட்டு, மாதக் கணக்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

6

இன்னொன்று பாக்கி இருந்தது. தாத்தாவின் பதினோரு நிமிடம்.

மென்பொருளை மறுபடி திறந்தபோது அந்த டிராக் இல்லை. கடைசியாக சேவ் செய்தது அவர் பாடத் தொடங்குவதற்கு முன்னால். போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். பிளக்-இன் வேட்டையெல்லாம் முடிந்து ஹார்ட் டிஸ்கைச் சுத்தம் செய்தபோதுதான் ரெக்கார்டிங் ஃபோல்டரில் அந்தத் தேதியிட்ட ஒரு வேவ் கோப்பைப் பார்த்தேன். நீளம்: 0 நொடி. எந்த பிளேயரும் திறக்கவில்லை. அழிக்கப் போகும்போது அதன் எடை கண்ணில் பட்டது. 90 எம்பி.

வேவ் வடிவத்தை மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் 1991இல் வெளியிட்டன. மிகவும் எளிமையான கட்டமைப்பு. தொடக்கத்தில், வழக்கமாக 44 பைட்டுக்கு, ஒரு தலைப்பு. இது என்ன வகை ஒலி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்ற விவரம் அதில் இருக்கும். அதற்குப் பின்னால் ஒலி மட்டும். பாடும்போதே ஒலி வட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். ஆனால் எவ்வளவு என்ற எண்ணைப் பதிவு முடிந்தபின்தான் எழுத முடியும். என் மென்பொருளுக்கு அந்த முடிவு வரவே இல்லை. அதனால் அந்த இடத்தில் சுழி.

24 பிட், ஒற்றைத் தடம், நொடிக்கு 48,000 துண்டு. அப்படியென்றால் நொடிக்கு 1,44,000 பைட். பதினோரு நிமிடத்துக்கு 9 கோடியே 50 லட்சத்துச் சொச்சம். எம்பியில் சரியாக அந்த 90. கணக்கு ஒத்துப்போனதும் கை நடுங்கியது. 2000இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வெளிவந்து இன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியைத் திறந்தேன். அதில் தலைப்பைப் பார்க்காமல் வெறும் எண்களாகக் கோப்பை உள்ளே எடுக்கும் வழி இருக்கிறது. 24 பிட், மோனோ, 48,000 என்று நானே சொன்னேன். தலைப்பின் 44 பைட்டைத் தாண்டித் தொடங்கும்படியும் சொன்னேன். அப்புறம் தாத்தா இருமினார். தொண்டையைச் செருமினார். பாடத் தொடங்கினார்.

கடைசி இரண்டு மூன்று நொடி மட்டும் இல்லை. வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே இருந்த பகுதி அது, மென்பொருளோடு சேர்ந்து போய்விட்டது. அந்தச் சமயத்தில் மென்பொருள் நிற்காமல், கெட்ட நினைவகத்தோடு ஓடிக்கொண்டே இருந்திருந்தால் எதை எழுதியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நல்ல ஒலியின் மேலேயே குப்பையை எழுதியிருந்தால் அந்த எண்களை எந்தக் கணக்காலும் மீட்டிருக்க முடியாது. அது நின்றதால் மிஞ்சியது.

கிராக் செய்தவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பன்னிரண்டில் நான்கு மிச்சம், இரண்டு இலவசம், இரண்டு காசு கொடுத்தவை. அதற்குப் பிறகும் ஒரு தடவை மூடியது. அன்றைக்குத் திட்டவில்லை. பதிவேட்டைத் திறந்து பெயரைக் குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு கிருஷ்ணகிரிக்குப் போய் ஹெட்போனில் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பாதியில் அறுபடும் இடத்தில் அந்த மிச்ச அடியை அவரே வாய்க்குள் முடித்துக்கொண்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நடுவுல ரெண்டு எடத்துல மூச்சு வாங்குது தம்பி, நல்லால்ல. இன்னொருவாட்டி வந்து பாடறேன்" என்றார்.

இந்த முறை அவர் சொன்ன தப்பு அவருடையதுதான். அதை அவரே கேட்டுக் கண்டுபிடித்தார்.